ஒரே புண்ணில் இரண்டு பாக்டீரியா: மிச்சிகன், 2002

2002 ஜூன் மாதம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டயாலிசிஸ் செய்துவந்த 40 வயது நோயாளி ஒருவருக்கு, கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செருகியிருந்த இடத்தில் தொற்று என்று சந்தேகம் வந்தது. மாதிரி எடுத்து, பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் இந்த ஸ்டாஃப் வருவது வழக்கம்தான். ஆனால் வந்திருந்த ஸ்டாஃப் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கவில்லை. உலகில் எந்த நோயாளியிடமும் அதுவரை அப்படி ஒன்று உறுதிசெய்யப்பட்டதில்லை.

பாக்டீரியாக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று மரபணுவை வாங்கிக்கொள்கின்றன என்பதைப் பாடப்புத்தகத்தில் எல்லாரும் படித்திருப்போம். பெரும்பாலும் அப்படி ஒரு கைமாற்றம் நடந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகு, எங்கெங்கோ கிடைத்த பாக்டீரியாக்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுத்தான் "நடந்திருக்க வேண்டும்" என்று ஊகிக்கிறார்கள். மிச்சிகன் நிகழ்வில் கொடுத்த பாக்டீரியா, வாங்கிய பாக்டீரியா, வாங்குவதற்கு முன்பு அதே பாக்டீரியா இருந்த நிலை, கைமாறிய மரபணுத் துண்டு ஆகிய நான்கும் ஒரே மனிதரிடம் கிடைத்தன. அதனால்தான் இருபது ஆண்டுகள் கடந்த பிறகும் இதை வரிவரியாகப் பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

நோயாளியின் வரலாறு

இவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. கால்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. சிறுநீரகமும் செயலிழந்து, புறநோயாளியாக டயாலிசிஸ் செய்துவந்தார். 2001 ஏப்ரலிலிருந்தே காலில் ஆறாத புண். அதற்குப் பல சுற்று ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சில சுற்றுகளில் வான்கோமைசினும் இருந்தது.

2002 ஏப்ரலில் அழுகிப்போன ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருந்த கிராஃப்டில் தொற்று பிடித்து, ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ கலந்துவிட்டது. எம்ஆர்எஸ்ஏ என்பது மெத்திசிலினுக்கும் அதன் வகை மருந்துகளுக்கும் அடங்காத ஸ்டாஃப். கிராஃப்டை அகற்றி, வான்கோமைசினும் ரிஃபாம்பினும் கொடுத்தார்கள். டயாலிசிஸைத் தொடரத் தற்காலிகக் கத்தீட்டர் போடப்பட்டது. ஜூனில் அந்தக் கத்தீட்டர் வெளிவரும் இடத்தில் தொற்று. கத்தீட்டரை எடுத்து, அதன் நுனியையும் அந்த இடத்தையும் கல்ச்சர் செய்தபோதுதான் மேலே சொன்ன ஸ்டாஃப் வந்தது.

ஒரு வாரத்தில் கத்தீட்டர் இருந்த இடம் ஆறிவிட்டது. மூக்கிலும் ஆறிய இடத்திலும் எடுத்த மாதிரிகளில் அந்த ஸ்டாஃப் வளரவில்லை. கால் புண் மட்டும் தொற்றோடு இருந்தது. அதிலிருந்து எடுத்த மாதிரியில் மூன்று பாக்டீரியாக்கள் ஒன்றாக வளர்ந்தன: வான்கோமைசினுக்கு அடங்காத அதே ஸ்டாஃப், வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ், கிளெப்சியெல்லா ஆக்சிடோகா.

என்டரோகாக்கஸ் நம் எல்லாருடைய குடலிலும் சாதாரணமாக இருப்பது. ஸ்டாஃபோடு ஒப்பிட்டால் வீரியம் குறைந்தது. ஆறாத புண்ணில் அது வளர்ந்தால், "கூடவே ஒட்டிக்கொண்டது" என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. இந்த நிகழ்வின் முக்கியமான பாத்திரம் அதுதான்.

ஆய்வகம் கண்டது

ஒரு பாக்டீரியா வளராமல் தடுக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு மருந்து தேவை என்பதை எம்ஐசி என்கிறார்கள். வரிசையாகச் சோதனைக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் மருந்தின் அளவு முந்தையதைப் போல இரண்டு மடங்கு. பாக்டீரியா வளராமல், கலங்காமல் இருக்கும் முதல் குழாயின் மருந்து அளவுதான் எம்ஐசி. அன்றைய அமெரிக்க அளவுகோலின்படி, வான்கோமைசினுக்கு ஒரு ஸ்டாஃபின் எம்ஐசி மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் மருந்து வேலை செய்யும். 32 அல்லது அதற்கு மேல் போனால் செய்யாது. சாதாரண ஸ்டாஃபுக்கு 1 அல்லது 2தான் இருக்கும்.

மிச்சிகன் ஸ்டாஃபுக்கு முதலில் வந்த முடிவு 128க்கு மேல். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி விரிவாகச் சோதித்தபோது 1024. அந்த அளவு வான்கோமைசினை எந்த மனிதருக்கும் செலுத்த முடியாது.

இந்த எண்ணிலேயே ஒரு துப்பு இருக்கிறது. 1996இல் ஜப்பானில் வான்கோமைசினுக்குப் பாதி அடங்கி, பாதி அடங்காத ஒரு எம்ஆர்எஸ்ஏ கிடைத்திருந்தது. அதன் எம்ஐசி 8. நீண்ட நாள் மருந்தின் நெருக்கடியில், தன் சொந்த மரபணுக்களிலேயே சிறுசிறு மாற்றங்கள் சேர்ந்து, செல் சுவரைத் தடிமனாக்கிக்கொண்ட ஸ்டாஃப் அது. அந்த வழியில் போனால் படிப்படியாகத்தான் ஏற முடியும்: 2லிருந்து 4, 4லிருந்து 8. ஒரே தாவலில் 1024க்குப் போக முடியாது. அப்படிப் போயிருக்கிறது என்றால், முழுதாகத் தயாரான ஒரு கருவித் தொகுதி வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

வந்திருந்தது. அந்த ஸ்டாஃபில் மெத்திசிலினை எதிர்க்கும் மெக்-ஏ மரபணுவோடு, வான்-ஏ மரபணுவும் இருந்தது. வான்-ஏ அதுவரை என்டரோகாக்கஸ்களின் சொத்தாகவே அறியப்பட்டிருந்தது.

வான்கோமைசின் எப்படி வேலை செய்கிறது, வான்-ஏ அதை எப்படி முறியடிக்கிறது

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாக்டீரியா செல் சுவர், சர்க்கரைச் சங்கிலிகளைக் குட்டையான பெப்டைடுகள் குறுக்கே பிணைத்த ஒரு வலை. புதிதாகச் சேர்க்கப்படும் ஒவ்வொரு பெப்டைடின் நுனியிலும் டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு, அடுத்தடுத்து இருக்கும். வான்கோமைசின் பெரிய மூலக்கூறு. அது போய் அந்த நுனியைக் கவ்விக்கொள்கிறது. ஐந்து ஹைட்ரஜன் பிணைப்புகள் அந்தப் பிடியை இறுக்குகின்றன. நுனி மூடப்பட்டதும் சுவர் கட்டும் நொதிகளுக்கு அங்கே வேலை செய்ய இடமில்லை. சுவர் பலவீனமாகி, பாக்டீரியா சாகிறது.

பென்சிலின் ஒரு நொதியைத் தாக்குகிறது. வான்கோமைசின் தாக்குவது கட்டுமானப் பொருளையே. நொதியை ஒரு மரபணு மாற்றத்தால் திருத்திவிடலாம். கட்டுமானப் பொருளை மாற்றுவது அத்தனை சுலபமில்லை. 1958இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வான்கோமைசினுக்கு என்டரோகாக்கஸ்களிடமிருந்து எதிர்ப்பு பதிவாக முப்பது ஆண்டுகள் ஆயின. பிரான்ஸிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் 1988இல் செய்தி வந்தது. ஸ்டாஃபுக்கு எதிராக பென்சிலின் சில ஆண்டுகளிலேயே தளர்ந்ததையும், மெத்திசிலின் வந்த ஓரிரு ஆண்டுகளில், 1961இல், பிரிட்டனில் எம்ஆர்எஸ்ஏ தலைகாட்டியதையும் பார்த்தவர்களுக்கு வான்கோமைசினின் ஆயுள் பெரிய ஆறுதலாக இருந்தது.

வான்-ஏ தொகுதி செய்வது அந்தக் கட்டுமானப் பொருளை மாற்றுவதுதான். அதற்குப் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. வான்-எச் டி-லாக்டேட் என்ற வேறொரு பொருளைத் தயாரிக்கிறது. வான்-ஏ ஒரு டி-அலனினோடு அந்த டி-லாக்டேட்டை இணைக்கிறது. வான்-எக்ஸ் பழைய வகை இரட்டை டி-அலனினைத் தேடித் தேடி உடைக்கிறது. பழைய பொருள் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் வான்கோமைசினுக்குப் பிடி கிடைத்துவிடும் என்பதால் இது அவசியம். வான்-ஒய் கடைசியாக எஞ்சியிருக்கும் பழைய நுனிகளை நறுக்குகிறது. இவை எல்லாம் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. வான்-எஸ் செல்லின் சவ்வில் காவல் நிற்கிறது. வான்கோமைசின் வந்தால் வான்-ஆருக்குச் சொல்கிறது. வான்-ஆர் மற்றவற்றை இயக்குகிறது.

முடிவில் பெப்டைடின் நுனியில் ஒரு நைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆக்சிஜன் இருக்கும். அவ்வளவுதான் மாற்றம். ஐந்து ஹைட்ரஜன் பிணைப்புகளில் ஒன்று போய்விடுகிறது. அந்த இடத்தில் விலக்கும் விசை வேறு சேர்ந்துகொள்கிறது. வான்கோமைசினின் பிடி ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

ஐந்தாறு புரதங்களின் இந்த ஒருங்கிணைந்த வேலையை ஸ்டாஃப் தானாகவே, தற்செயலான மரபணு மாற்றங்களால், ஒரு நோயாளியின் உடலில் சில மாதங்களில் உருவாக்கியிருக்க முடியாது. தொகுதியாகவே பெற்றிருக்கிறது.

கைமாறிய தடம்

சிடிசி ஆய்வாளர்கள் செய்த மரபணுப் பகுப்பாய்வு 2003 நவம்பரில் வெளியானது. அவர்களிடம் மூன்று மாதிரிகள் இருந்தன: வான்கோமைசினுக்கு அடங்காத ஸ்டாஃப், அதே நோயாளியிடமிருந்து கிடைத்த வான்கோமைசினுக்கு அடங்கும் எம்ஆர்எஸ்ஏ, புண்ணில் இருந்த என்டரோகாக்கஸ்.

முதல் இரண்டையும் மரபணு ரேகைப் பரிசோதனையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பட்டைகள் ஒன்றாக இருந்தன. ஆக, வெளியிலிருந்து ஒரு புதுவகை ஸ்டாஃப் வந்து தொற்றவில்லை. நோயாளியின் உடலில் ஏற்கெனவே குடியிருந்த எம்ஆர்எஸ்ஏதான் மாறியிருக்கிறது.

மாற்றம் எங்கே என்று தேடினால், பிளாஸ்மிட்டில். பாக்டீரியாவின் முதன்மை டிஎன்ஏவுக்கு வெளியே தனியாக வளையமாகச் சுற்றும் சிறிய டிஎன்ஏதான் பிளாஸ்மிட். அடங்காத ஸ்டாஃபில் 57.9 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் என்பது ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகள்) நீளமுள்ள ஒரு பிளாஸ்மிட் இருந்தது. அடங்கிய எம்ஆர்எஸ்ஏவிலும் கிட்டத்தட்ட அதே பிளாஸ்மிட், ஆனால் சற்றுக் குட்டையாக. அதில் இல்லாதது டிஎன்1546 என்ற துண்டு.

டிஎன்1546 ஒரு டிரான்ஸ்போசான். டிஎன்ஏவில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவக்கூடிய துண்டு. நீளம் சுமார் 10.8 கிலோபேஸ், ஒன்பது மரபணுக்கள். வான் தொகுதி முழுவதும் அதற்குள் இருக்கிறது. தாவுவதற்குத் தேவையான நொதிகளுக்கான மரபணுக்களும் அதிலேயே இருக்கின்றன. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பாட்ரிஸ் குர்வாலின் குழுவினர் 1993இல் இதை முழுமையாக விவரித்திருந்தார்கள். புண்ணில் இருந்த என்டரோகாக்கஸும் டிஎன்1546ஐ ஒரு பிளாஸ்மிட்டில் சுமந்துகொண்டிருந்தது.

நடந்தது இரண்டு கட்டம். முதலில் என்டரோகாக்கஸும் ஸ்டாஃபும் உடல் தொட்டு நெருங்கி, என்டரோகாக்கஸின் பிளாஸ்மிட் ஸ்டாஃபுக்குள் போகிறது. இதற்கு இணைவு என்று பெயர். ஆனால் அந்தப் பிளாஸ்மிட் ஸ்டாஃபுக்குள் நிலைக்கவில்லை. அது அழிவதற்குள் டிஎன்1546 அதிலிருந்து ஸ்டாஃபின் சொந்தப் பிளாஸ்மிட்டுக்குத் தாவிவிடுகிறது. நடுவழியில் பேருந்து நின்றுபோனால் பயணி பின்னால் வரும் பேருந்தில் ஏறிக்கொள்வதைப் போலத்தான். ஏறிய பிறகு, ஸ்டாஃப் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அந்தப் பிளாஸ்மிட்டோடு டிஎன்1546உம் நகலெடுக்கப்படுகிறது.

ஏறிய பிளாஸ்மிட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ஏற்கெனவே பென்சிலின் வகைக்கு எதிரான பிளா-இசட், டிரைமெத்தோபிரிமுக்கு எதிரான டிஎஃப்ஆர்-ஏ, ஜென்டாமைசின் வகை மருந்துகளுக்கு எதிரான இன்னொரு மரபணு, கிருமிநாசினிகளைச் செல்லிலிருந்து வெளியேற்றும் ஒரு மரபணு எல்லாம் வரிசையாக இருந்தன. அதோடு இந்தப் பிளாஸ்மிட்டே இணைவு மூலம் வேறு ஸ்டாஃபுக்குப் போகக்கூடியது. எனக்கு இந்த நிகழ்விலேயே மிகவும் கவலை தருவது இதுதான். வான்-ஏ இனி வான்கோமைசின் இருக்கும் இடத்தில் மட்டும் பிழைக்க வேண்டும் என்பதில்லை. ஜென்டாமைசின் கொடுத்தாலும் அது பிழைக்கும், கிருமிநாசினி தெளித்தாலும் பிழைக்கும். ஒரே வளையத்தில் பல எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்துவிட்டால், எந்த ஒரு மருந்தைக் கொடுத்தாலும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தே காப்பாற்றிக் கொடுக்கிறோம். "இந்த மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தால் எதிர்ப்பு தானாகப் போய்விடும்" என்ற நம்பிக்கை பல இடங்களில் பொய்த்துப்போனதற்கு இது ஒரு காரணம்.

சரி, மரபணு கைமாற இணைவு மட்டும்தான் வழியா? இல்லை. செத்துச் சிதறிய பாக்டீரியாவின் டிஎன்ஏவை உயிருள்ளது உறிஞ்சிக்கொள்ளலாம். 1928இல் லண்டனில் ஃபிரெடெரிக் கிரிஃபித் நிமோனியா பாக்டீரியாவில் கண்டது அதைத்தான். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் ஒன்றின் டிஎன்ஏவைத் தவறுதலாகச் சுமந்துபோய் இன்னொன்றில் செலுத்தலாம். ஸ்டாஃப்களுக்குள்ளே பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகிறது. ஆனால் இனம் விட்டு இனம், அதுவும் முழுப் பிளாஸ்மிட்டாக, என்றால் இணைவுதான் பெரிய பாதை. மருத்துவத்தில் இதன் வீச்சு முதலில் புரிந்தது ஜப்பானில். 1950களில் அங்கே சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு அடங்காமல் போனது. சில நோயாளிகளின் குடலில் இருந்த சாதாரண ஈ.கோலையும் அதே மருந்துகளுக்கு அடங்கவில்லை. எதிர்ப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொகுதியாகக் கைமாறுகிறது என்று 1959இல் அங்குள்ள ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள்.

ஏன் அந்தப் புண்ணில்?

இணைவுக்கு மூன்று தேவை: கொடுப்பது இருக்க வேண்டும், வாங்குவது இருக்க வேண்டும், இரண்டும் தொட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளியின் ஆறாத கால் புண் மூன்றுக்கும் பொருத்தமான இடம். ரத்த ஓட்டம் குறைவு என்பதால் வெள்ளை அணுக்களும் சரியாக வந்து சேராது; மருந்தும் முழு அளவில் போகாது. செத்த திசுவின் மேல் பல இனப் பாக்டீரியாக்கள் சேர்ந்து பிசுபிசுப்பான படலமாக, பயோஃபிலிமாக, மாதக்கணக்கில் குடியிருக்கும். குடல் பாக்டீரியாவும் தோல் பாக்டீரியாவும் இத்தனை நாள் இத்தனை நெருக்கமாக வேறெங்கும் சேர்ந்திருப்பது அரிது.

இந்த இரண்டு இனங்களுக்கும் இடையே வேறொரு தொடர்பும் உண்டு. என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸின் சில பிளாஸ்மிட்கள், பக்கத்தில் வாங்கத் தகுந்த பாக்டீரியா இருக்கிறதா என்பதை அது வெளியிடும் சின்னஞ்சிறு பெப்டைடுகளை வைத்து அறிகின்றன. பெப்டைடு வந்ததும், சுமக்கும் என்டரோகாக்கஸின் மேற்பரப்பில் ஒட்டும் புரதம் முளைக்கிறது. இரண்டும் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. பிளாஸ்மிட் போய்ச் சேர்கிறது. இப்படிப்பட்ட ஒரு பெப்டைடுக்கு ஒத்ததை ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸும் வெளியிடுகிறது என்று 1980களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் மேலே வான்கோமைசினும் இருந்தது. ஸ்டாஃபைக் கொல்லத்தான் அதைக் கொடுத்தார்கள். ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ இருக்கும்போது அதைக் கொடுத்தது சரியான முடிவே. வேறு வழி அதிகம் இல்லை. ஆனால் மருந்து ரத்தத்தோடு குடலுக்கும் புண்ணுக்கும் போகும். அங்கே வான்-ஏ இல்லாதவற்றைக் குறைத்து, இருப்பவற்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கும். நாம் ஒரு பாக்டீரியாவைக் குறிவைத்து மருந்து கொடுக்கிறோம். மருந்து அங்கிருக்கும் எல்லாவற்றின் மேலும் வேலை செய்கிறது. குறியில் இல்லாத பாக்டீரியா என்ன ஆகிறது என்று மருத்துவத்தில் நாம் மிகக் குறைவாகவே கேட்கிறோம் என்பது என் உறுதியான கருத்து.

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது

லண்டனில் வில்லியம் நோபிளும் அவருடைய சக ஆய்வாளர்களும் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸிலிருந்து ஸ்டாஃபுக்கு வான்கோமைசின் எதிர்ப்பு கைமாறுவதை ஆய்வகத்தில் நிகழ்த்திக் காட்டியது 1992இல். மிச்சிகனுக்குப் பத்து ஆண்டுகள் முன்பு. அதனால் 2002இல் மருத்துவ உலகம் அதிர்ந்ததே தவிர, ஆச்சரியப்படவில்லை. இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவமனைகளில் வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸும் எம்ஆர்எஸ்ஏவும் சேர்ந்தே பெருகின. இரண்டும் ஒரே நோயாளியிடம் சந்திப்பது காலத்தின் கணக்கு மட்டுமே.

என்டரோகாக்கஸுக்கு வான்-ஏ எங்கிருந்து வந்தது? வான்கோமைசின் என்பதே மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தயாரிப்பது. 1950களில் போர்னியோ காட்டு மண்ணிலிருந்து எலை லில்லி நிறுவனம் பிரித்தெடுத்தது. விஷத்தைத் தயாரிப்பது தன் விஷத்தால் தானே சாகக் கூடாது. ஆகவே இவ்வகை மருந்துகளைத் தயாரிக்கும் மண் பாக்டீரியாக்களில், வான்-எச், வான்-ஏ, வான்-எக்ஸ் மூன்றுக்கும் ஒத்த மரபணுக்கள் அதே வரிசையில் இருக்கின்றன. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணிலும் வான்-ஏ மரபணு இருந்ததை 2011இல் வெளியிட்டார்கள். மரபணு மிகப் பழையது. அதை மண்ணிலிருந்து குடலுக்கும், குடலிலிருந்து புண்ணுக்கும் நகர்த்திய நெருக்கடி மட்டும் புதியது. ஐரோப்பாவில் அந்த நெருக்கடியில் பெரும்பங்கு கால்நடைத் தீவனத்துக்கு உண்டு: வான்கோமைசினின் உறவான அவோபார்சினைக் கோழிக்கும் பன்றிக்கும் எடை கூட்டுவதற்காகக் கொடுத்தார்கள், 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அவோபார்சின் பயன்பாட்டில் இல்லை. அங்கே நெருக்கடி மருத்துவமனைக்குள்ளிருந்தே வந்தது.

நோயாளிக்கு என்ன ஆயிற்று

புண்ணைத் தீவிரமாகச் சுத்தம்செய்து பராமரித்து, டிரைமெத்தோபிரிமும் சல்ஃபாமெதாக்சசோலும் சேர்ந்த கூட்டு மருந்தைக் கொடுத்தார்கள். தொற்று கட்டுப்பட்டது; புறநோயாளியாகவே சிகிச்சை தொடர்ந்தது. பிளாஸ்மிட்டில் டிரைமெத்தோபிரிமுக்கு எதிரான மரபணு இருந்தும், கூட்டு மருந்துக்கு அந்த ஸ்டாஃப் சோதனையில் அடங்கியது. லினெசோலிட், மினோசைக்ளின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் ஆகியவற்றுக்கும் அடங்கியது. மரபணுப் பட்டியலை மட்டும் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது; கல்ச்சரும், எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சென்சிடிவிட்டி சோதனையும் கட்டாயம் வேண்டும்.

நோயாளியோடு தொடர்பில் இருந்த நூற்றுக்கணக்கானவர்களைச் சோதித்தார்கள். டயாலிசிஸ் மையத்தில் இருந்தவர்கள், மருத்துவப் பணியாளர்கள், வீட்டார். ஒருவரிடமும் இந்த ஸ்டாஃப் இல்லை.

ஏன் பரவவில்லை?

அதே 2002இல் பென்சில்வேனியாவில் இரண்டாவது நிகழ்வு, 2004இல் நியூயார்க்கில் மூன்றாவது. 2015 வரை அமெரிக்காவில் மொத்தம் 14. பாதிக்கும் மேற்பட்டவை மிச்சிகனிலேயே. பெரும்பாலும் நாள்பட்ட புண்ணும் சர்க்கரை நோயும் உள்ளவர்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவில்லை. ஒவ்வொரு முறையும் மரபணு புதிதாகக் கைமாறியிருக்கிறது. மிச்சிகனில் குவிந்ததற்கு, அங்குள்ள என்டரோகாக்கஸ்களில் இன்க்18 என்ற குடும்பப் பிளாஸ்மிட் வான்-ஏவைச் சுமந்து திரிந்ததை ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஒரு நோயாளியின் ரத்தத்திலேயே இப்படி ஒரு ஸ்டாஃப் கிடைத்ததாக 2014இல் பதிவாயிற்று.

இவ்வளவு அஞ்சப்பட்ட ஒன்று இவ்வளவு அரிதாக இருப்பதற்குச் சில காரணங்கள் தெரியும். வெளி டிஎன்ஏவை அடையாளம் கண்டு வெட்டும் நொதிகள் ஸ்டாஃபில் பலமாக உண்டு. என்டரோகாக்கஸ் பிளாஸ்மிட் ஸ்டாஃபில் நிலைப்பதில்லை என்பதால் தாவலும் உடனே நடந்தாக வேண்டும். எல்லாம் கைகூடினாலும், வான்-ஏ இயங்கத் தொடங்கியதும் ஸ்டாஃபின் வளர்ச்சி கணிசமாகத் தளர்ந்துவிடுகிறது என்று குர்வாலின் குழுவினர் 2009இல் காட்டினார்கள். மருந்து இல்லாதபோது சுமை மிகக் குறைவு. மருந்து வந்து தொகுதி ஓடத் தொடங்கினால் சுமை அதிகம்.

இதை வைத்து மரபணுக் கைமாற்றம் பொதுவாகவே மெதுவானது என்று நினைத்துவிடக் கூடாது. என்டிஎம்-1ஐப் பாருங்கள். கார்பபெனெம் வகை ஆன்டிபயாட்டிக்குகளைச் சிதைக்கும் இந்த நொதியின் மரபணு, டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008இல் ஸ்வீடனில் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் அவருடைய கிளெப்சியெல்லாவில். அப்புறம் அதே நோயாளியின் குடலில் இருந்த ஈ.கோலையிலும். அங்கேயும் ஒரே மனிதருக்குள் இனம் விட்டு இனம் கைமாறியதற்கான தடம்தான். ஆனால் 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் சென்னையில் மட்டும் 44 மாதிரிகள், ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37. குடல் பாக்டீரியாக்களுக்குள் பிளாஸ்மிட்கள் தடையின்றிப் போய்வருகின்றன, போன இடத்தில் நிலைக்கவும் செய்கின்றன. ஸ்டாஃபின் வாசலில் இருக்கும் தடைகள் அங்கே இல்லை. மிச்சிகனில் நமக்குக் கிடைத்தது அந்தக் குறிப்பிட்ட இரண்டு இனங்களுக்கிடையே இருந்த தடையின் உதவி. வேறு இனங்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

நடைமுறையில்

இந்த நிகழ்விலிருந்து என் பார்வையில் முதலில் மாற வேண்டியது கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம். நாள்பட்ட கால் புண்ணிலிருந்து "எம்ஆர்எஸ்ஏ" என்று வந்தால் கண் அதிலேயே நிற்கிறது. கூட வளர்ந்த என்டரோகாக்கஸ் "கலப்பு வளர்ச்சி" என்ற இரண்டு சொற்களில் முடிந்துபோகிறது. ஸ்டாஃபும் வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸும் ஒரே புண்ணில் இருந்தால், அதை ஆய்வகம் தனியாகக் குறிப்பிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட நோயாளிக்கு வான்கோமைசினை நீட்டிப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். செத்த திசுவை அகற்றிப் புண்ணைச் சுத்தம் செய்வதை மருந்துக்கு அடுத்த வேலையாகத் தள்ளிப்போடக் கூடாது. பாக்டீரியாக்கள் சேர்ந்து குடியிருக்கும் இடத்தையே எடுத்துவிடுவது அதுதான். ஸ்டாஃப் மெத்திசிலின் வகைக்கு அடங்குகிறது என்று ரிப்போர்ட் வந்துவிட்டால், "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று வான்கோமைசினைத் தொடர்வதில் பாதுகாப்பு எதுவும் இல்லை; செஃபாசோலின் என்ற ஆன்டிபயாட்டிக் அதைவிட நன்றாகவே வேலை செய்யும்.

ஆய்வகத்துக்கு இன்னொன்று. முதல் நிகழ்வில் எம்ஐசி 1024 என்பதால் யார் கண்ணுக்கும் தப்பியிருக்காது. பின்னால் வந்த நிகழ்வுகளில் எதிர்ப்பு அவ்வளவு உரக்க வெளிப்படவில்லை. பென்சில்வேனியாவில் எம்ஐசி 32தான். சில தானியங்கிக் கருவிகள் இத்தகைய ஸ்டாஃபை வான்கோமைசினுக்கு அடங்குவதாகவே காட்டின. வான் தொகுதி விழித்து வேலையைத் தொடங்க நேரம் பிடிக்கிறது. அவசர முடிவு தரும் கருவி அதற்குள் கணக்கை முடித்துவிடுகிறது. அதற்காகத்தான் தானியங்கிக் கருவியோடு, மில்லிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம் வான்கோமைசின் கலந்த, பாக்டீரியா வளர்க்கும் அகர் தட்டு ஒன்றிலும் ஸ்டாஃபைத் தடவி, 35 டிகிரியில் முழுதாக 24 மணி நேரம் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். விலை அதிகமில்லாத தட்டு. அதில் ஏதாவது முளைத்தால் அந்த மாதிரியைப் பத்திரப்படுத்தி, மேல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதே நோயாளியிடம் வளர்ந்த என்டரோகாக்கஸையும் குப்பையில் போடாமல் கூடவே அனுப்ப வேண்டும். மிச்சிகனில் அதையும் எடுத்துவைத்திருந்ததால்தான் மரபணு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிந்தது.